‘மீண்டும் நடக்கலாம்’ என்கிறது ரீல்ஸ்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு பயிற்சியால் எது கிடைக்கும், எது கிடைக்காது?

அந்த வகை வீடியோ உங்கள் ஃபோனிலும் ஒருமுறையாவது வந்து போயிருக்கும். கூரையிலிருந்து தொங்கும் பெல்ட்டில் கட்டப்பட்டு ஓர் இளைஞர் நிற்கிறார். அவருக்குக் கீழே டிரெட்மில் மெதுவாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகள் அவருடைய கால்களைப் பிடித்து ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறார்கள். பின்னணியில் உருக்கமான இசை. கமென்ட் பகுதிக்குப் போனால் பெரும்பாலும் ஒரே மாதிரி கேள்விகள்தான்: “தம்பிக்கு பைக் ஆக்சிடென்ட்ல முதுகுல அடி. ஆறு மாசமா படுக்கைதான். இங்க கூட்டிட்டு வந்தா நடந்துடுவானா? எவ்வளவு ஆகும்?”

பதில், வழக்கம்போல, “டிஎம் பண்ணுங்க.”

‘எவ்வளவு ஆகும்’ என்பதற்கு டிஎம்மில் பதில் கிடைத்துவிடும். ‘நடந்துடுவானா’ என்பதற்குத்தான் நேர்மையான பதில் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பெயர் ‘செயல்பாடு சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி’. இது மோசடி அல்ல. இதற்குப் பின்னால் பல பத்தாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் ரீல்ஸ் காட்டுகிற இடத்தில் இதன் பலன் குறைவு. ரீல்ஸ் காட்டாத இடங்களில்தான் அதிகம். நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பணம் புரட்டும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

‘ஆபரேஷன் சக்சஸ்’ என்றார்களே, கால் ஏன் அசையவில்லை?

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. எலும்புகள் அடுக்கிய குழாய்க்குள் ஓடும் நரம்புக் கயிறுதான் தண்டுவடம். விபத்துக்குப் பிறகு ஸ்க்ரூவும் ராடும் போட்டுச் செய்யும் ஆபரேஷன், உடைந்த எலும்பை நிலைநிறுத்தவும் நரம்பின் மீதான அழுத்தத்தை எடுக்கவும்தான். நசுங்கிய நரம்பை அது ஒட்ட வைப்பதில்லை. அதனால் ‘ஆபரேஷன் சக்சஸ்’ என்று டாக்டர் சொல்வதும் உண்மை, கால் அசையாமல் இருப்பதும் உண்மை. இதை யாராவது உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் பல வீடுகளில் பாதி குழப்பம் தீர்ந்திருக்கும்.

கழுத்தில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கப்படும். மார்பு அல்லது இடுப்புப் பகுதியில் அடிபட்டால் கால்கள். ஆனால் வெளியே தெரிவது மட்டும்தான் கை கால். சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடு, பாலியல் செயல்பாடு, ரத்த அழுத்தம், வியர்வை, தோலின் உணர்ச்சி என்று காயத்துக்குக் கீழே உள்ள எல்லாமே தடம் புரள்கிறது.

உலக அளவில் டாக்டர்கள் இந்தக் காயத்தை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ‘ஏ’ என்றால் காயத்துக்குக் கீழே, ஆசனவாய்ப் பகுதி வரை, உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. ‘பி’ என்றால் உணர்ச்சி உண்டு, அசைவு இல்லை. ‘சி’, ‘டி’ இரண்டிலும் ஓரளவு அசைவு மிஞ்சியிருக்கும், ‘டி’யில் அதிகம். ‘இ’ என்றால் இயல்பு. இந்த ஓர் எழுத்தை நினைவில் வையுங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

உலகில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பக்கத்தில் இதற்கு இரண்டு பெரிய வாசல்கள்: சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அதுதான். இன்னொரு பக்கம் தென்னை, பனை ஏறும் தொழிலாளிகள், சாரத்தில் நிற்கும் கட்டடத் தொழிலாளிகள். பெரும்பாலும் இளம் வயது ஆண்கள், வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்கள்.

பழைய முறை என்ன, புது முறை என்ன?

வழக்கமான மறுவாழ்வு சிகிச்சையின் தத்துவம் எளிமையானது: எது வேலை செய்கிறதோ அதைப் பலப்படுத்து. கையை வலுவாக்கி வீல்சேர் தள்ளக் கற்றுக்கொள், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறப் பழகு, உடுத்தப் பழகு. செயலிழந்த காலுக்கு மூட்டு இறுகாமல் இருக்க மட்டும் பயிற்சி.

செயல்பாடு சார்ந்த பயிற்சி இதைத் தலைகீழாக்குகிறது. வேலை செய்யாத பகுதிக்குத்தான் இங்கே வேலை. பெல்ட்டில் தாங்கிப் பிடித்து நடக்க வைப்பது, நிற்க வைப்பது, தசையில் மின்தூண்டல் கொடுத்து சைக்கிள் மிதிக்க வைப்பது, எந்தச் செயல் வேண்டுமோ அதையே நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. தீவிரமும் எண்ணிக்கையும்தான் இதன் உயிர். வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவதற்கு இந்தப் பெயர் பொருந்தாது.

இந்த யோசனை வந்தது பூனைகளிடமிருந்து. 1987இல் கனடாவின் மான்ட்ரியலில் பார்போ, ரொஸ்ஸினோல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். தண்டுவடம் துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை டிரெட்மில்லில் தொடர்ந்து பயிற்றுவித்தபோது, பின்னங்கால்கள் மூளையின் கட்டளை இல்லாமலே நடையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. தண்டுவடம் வெறும் கேபிள் அல்ல. அதற்குள்ளேயே நடைக்கான ஒரு சிறிய சர்க்யூட் இருக்கிறது, அதற்குப் பழக்கவும் முடியும் என்பது அதன் பொருள். மனிதர்களிடமும் அப்படி ஏதோ இருக்கிறது. ஆனால் மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கிறவன்; அதற்கு மூளையின் பங்கு பூனையைவிட ரொம்ப அதிகம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சூப்பர்மேனின் ஆள்காட்டி விரல்

இந்தச் சிகிச்சையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது ஒரு நடிகரின் உடல். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்தார். கழுத்தின் மேற்பகுதியில் காயம். நிலை ‘ஏ’. மூச்சு விடவே மெஷின் வேண்டும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அவருடைய இடது ஆள்காட்டி விரல் அசைந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் மெக்டொனால்டின் வழிகாட்டுதலில், மின்தூண்டல் சைக்கிள் உள்ளிட்ட தீவிரப் பயிற்சியை அவர் செய்துகொண்டிருந்த காலம் அது. 2002இல் மெக்டொனால்டு குழு இதை மருத்துவ இதழில் வெளியிட்டது: ‘ஏ’யிலிருந்து ‘சி’க்கு முன்னேற்றம், உடலின் பெரும்பகுதியில் ஏதோ ஓர் அளவு உணர்ச்சி, தொற்றுகள் குறைவு. ‘இரண்டு வருஷத்துக்கு மேல் எந்த மாற்றமும் வராது’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பாடப்புத்தகத்துக்கு இது பெரிய அடி.

சரி, அவர் நடந்தாரா? இல்லை. கடைசி வரை வீல்சேர்தான். 2004 அக்டோபரில், 52 வயதில் இறந்தார். அந்தச் சமயம் அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தது படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்கு. உலகின் மிகச் சிறந்த கவனிப்பு, உலகப் புகழ், பணம் எல்லாம் இருந்த ஒருவருக்கே அப்படி. வீடியோ போடுகிறவர்கள் அந்த விரலைப் பற்றிச் சொல்வார்கள். புண்ணைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

சோதனைகள் என்ன சொல்கின்றன?

ஒரு சிகிச்சையால்தான் முன்னேற்றம் வந்ததா என்று தெரிய, இரண்டு குழுக்களைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தண்டுவடக் காயத்தில் இது ரொம்பவே முக்கியம். ஏனென்றால் காயத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில், குறிப்பாக முதல் ஆறு மாதங்களில், உடல் தானாகவே கொஞ்சம் மீளும். ஒருவர் இரண்டாம் மாதம் சென்டரில் சேர்ந்து ஐந்தாம் மாதம் கட்டைவிரலை அசைத்தால், அது பயிற்சியின் பலனா, இயற்கையின் பலனா? வீடியோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சென்டர் நடத்துகிறவராலும்கூட.

2006இல் அமெரிக்காவில் டாப்கின் தலைமையில் 146 பேரைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. எல்லோரும் காயம்பட்டு சில வாரங்களே ஆனவர்கள், முழுச் செயலிழப்பு இல்லாதவர்கள். ஒரு குழுவுக்கு பெல்ட்டில் தொங்கவிட்டு டிரெட்மில் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம், சாதாரணமாகத் தரையில் நடைப்பயிற்சி. முடிவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ‘சி’, ‘டி’ நிலையில் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டு குழுவிலுமே நடந்தார்கள். அதாவது, யார் நடப்பார்கள் என்பதை முடிவு செய்தது மெஷின் அல்ல, அந்த எழுத்துதான்.

அட்லாண்டாவின் ஷெப்பர்ட் சென்டர் 2014இல் வெளியிட்ட சோதனை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. நாள்பட்ட காயம், ஆனால் ஓரளவு அசைவு மிஞ்சியவர்கள். வாரத்துக்கு 9 மணி நேரம் என்று 24 வாரம் பயிற்சி. பயிற்சி பெற்றவர்களின் கால் தசை வலு மற்றவர்களைவிடக் கூடியது. சிலருக்கு நடையும் மேம்பட்டது. ஆனால் வீட்டுக்கு வெளியே போய் வாழும் அன்றாட வாழ்க்கையில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 116 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த இன்னொரு சோதனையில், டிரெட்மில், மின்தூண்டல் சைக்கிள் எல்லாம் சேர்த்த முழு உடல் பயிற்சியை, வெறும் மேலுடல் உடற்பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். 12 வாரம், வாரம் மூன்று முறை. நரம்பு மீட்சியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் வாசிப்பு இதுதான். அசைவு மிஞ்சியிருப்பவர்களுக்குத் தீவிரப் பயிற்சி அர்த்தமுள்ளது. அதற்கு விலை உயர்ந்த மெஷின் கட்டாயம் இல்லை. ‘ஏ’ நிலையில் ஒரு வருடம் கடந்தவருக்கு ‘நடக்க வைக்கிறோம்’ என்று பயிற்சியை மட்டும் காட்டி யாராவது உறுதி கொடுத்தால், அதை நம்ப ஆதாரம் இல்லை.

அப்படியானால் ‘ஏ’ நிலைக்கு இது வேண்டாமா?

வேண்டும். ஆனால் வேறு காரணத்துக்காக.

2004இல் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், தண்டுவடக் காயத்தோடு வாழும் 681 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்: ‘எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மாறும்?’ கிம் ஆண்டர்சனே கழுத்துக் காயத்தோடு வாழ்பவர் என்பதையும் சொல்ல வேண்டும். கை, கால் இரண்டும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் முதல் விருப்பம், கையும் விரலும். கால் மட்டும் செயலிழந்தவர்கள் பாலியல் செயல்பாட்டை முதலிடத்தில் வைத்தார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு, உடலை நேராக வைத்து உட்காரும் வலு ஆகியவை இரண்டு தரப்புக்கும் முக்கியம். நடப்பது பலருடைய பட்டியலில் முதலிடத்தில் இல்லை.

கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் பத்து அடி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஸ்பிளின்ட் கட்டி நடப்பதைவிட, யாரையும் கூப்பிடாமல் பாத்ரூம் போய் வர முடிவது ஒருவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை? அதிலும் டீமில் பத்து பேரோடு ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டிய 28 வயது ஆளுக்கு?

பயிற்சியின் உண்மையான லாபம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மின்தூண்டல் சைக்கிள் தசையின் பருமனைக் கூட்டும். உட்காரும் இடத்தில் தசை இருந்தால் எலும்பு நேராகத் தோலில் குத்தாது. வீல்சேரில் வாழ்பவர்களுக்கு இதய நோய், சர்க்கரை நோய் அபாயம் அதிகம். உடற்பயிற்சி அதைக் குறைக்க உதவும். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இதற்குச் சொல்லும் அளவு என்ன தெரியுமா? இதய ஆரோக்கியத்துக்கு வாரம் மூன்று முறை, தலா 30 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி. அவ்வளவுதான். வீல்சேரை வேகமாகத் தள்ளுவது, கையால் மிதிக்கும் சைக்கிள், ரப்பர் பேண்ட் இழுப்பது எல்லாமே கணக்கில் வரும். இதற்கு எந்த ரோபோவும் வேண்டாம்.

முதுகில் மின்சாரம்: அடுத்த அலை

‘சுவிட்சர்லாந்தில் முதுகில் சிப் வைத்து நடக்க வைத்துவிட்டார்களே’ என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். உண்மைதான். 2018இல் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்துச் சிலர் அடியெடுத்து வைத்தார்கள். 2023இல் மூளையையும் தண்டுவடத்தையும் வயர்லெஸ்ஸாக இணைத்து நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் நடந்தார். ஆனால் இவை விரல் விட்டு எண்ணக்கூடியவர்களிடம் நடந்த ஆராய்ச்சிகள். இன்னும் பொதுச் சிகிச்சையாகவில்லை.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது வேறொன்று. ஆபரேஷன் இல்லாமல், கழுத்தின் தோல் மேல் ஒட்டி மின்தூண்டல் தரும் கருவி. கை செயலிழந்த 60 பேரிடம் நடந்த சோதனையில் 72 சதவீதம் பேருக்கு வலுவிலும் கை வேலையிலும் முன்னேற்றம் தெரிந்தது. முடிவு 2024 மே மாதம் வெளியானது. அதே டிசம்பரில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தது. இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு மாதம் எல்லோருக்கும் வெறும் பயிற்சி. அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு சேர்த்து மின்தூண்டல். கருவி தனியாக எதையும் செய்வதில்லை. பயிற்சிதான் சோறு, மின்சாரம் குழம்பு.

ஸ்டெம் செல் பற்றியும் ஒரு வரி. தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசியை, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு போடுவது ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதலுக்கு எதிரானது. ‘பேக்கேஜ்’ என்ற சொல் காதில் விழுந்தால் உஷாராகிவிடுங்கள்.

48 மணி நேரம், 7 நாள்... அப்புறம்?

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் சாலை விபத்துக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை. இரண்டும் நல்ல திட்டங்கள். உயிர்களைக் காப்பாற்றுகின்றன.

காப்பாற்றப்பட்ட உயிர் எட்டாம் நாளிலிருந்து எப்படி வாழும்? ஷெப்பர்ட் சென்டர் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 9 மணி, 24 வாரம்: மொத்தம் 216 மணி நேரம். மணிக்கு வெறும் ஆயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட 2 லட்சத்து 16 ஆயிரம். ஊர் விட்டு ஊர் வந்து வாடகை வீட்டில் தங்குவது, கூடவே இருக்கும் அம்மாவின் அல்லது மனைவியின் போன சம்பளம் எல்லாம் தனி. மருத்துவக் காப்பீடு என்பதே இங்கே ‘அட்மிஷன் – ஆபரேஷன் – டிஸ்சார்ஜ்’ என்ற மூன்று சொற்களைச் சுற்றி எழுதப்பட்டது. மாதக்கணக்கில் வெளிநோயாளியாகச் செய்யும் பயிற்சிக்கு அதில் பெரும்பாலும் இடம் இல்லை.

மாநில அரசு, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் பேட்டரி வீல்சேரும் கிடைக்கும். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் சிறுநீர்க் குழாய், கையுறை, டயப்பர் வாங்கினாலே அந்த 2,000 காலியாகிவிடும்.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. தண்டுவடக் காயம் தனியாக அதில் இல்லை. ‘இயக்கக் குறைபாடு’ என்ற பொதுத் தலைப்புக்குள் போய்விடுகிறது. சிறுநீர்ப் பையும் தோலும் படும் பாடு ‘இயக்கம்’ என்ற சொல்லில் எங்கே தெரியப் போகிறது? மறுவாழ்வுச் சேவை தருவது அரசின் கடமை என்று அதன் 27ஆவது பிரிவு சொல்கிறது. கூடவே ‘பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு’ என்ற வாலையும் ஒட்டியிருக்கிறது.

வேலூரும் ஆய்க்குடியும்

நம்மிடம் அனுபவமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலூர் சிஎம்சியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் 1966இல் திறக்கப்பட்டது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975இல் கழுத்தில் அடிபட்டு, கை கால் செயலிழந்தவர் அவர்.

இரண்டு இடங்களையும் உருவாக்கியவர்கள் காயத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள். இத்தகைய மையங்களில் முதல் பாடம் டிரெட்மில் அல்ல: குறித்த நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான ட்யூபைத் தானே போட்டுச் சிறுநீரை வெளியேற்றக் கற்பது, உட்கார்ந்த இடத்தில் அடிக்கடி உடலைத் தூக்கி எடையை மாற்றுவது, தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. இதை வைத்து யாரும் ரீல்ஸ் போட மாட்டார்கள். ஆனால் உயிரைக் காப்பது இதுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடக் காயம்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் அதை மாற்றிக் காட்டினார். அவர் நோயாளிகளுக்காக நடத்திய விளையாட்டுப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது. பயிற்சியும் பராமரிப்பும் அன்றே ஒன்றாகத்தான் இருந்தன.

சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ யாராவது இந்த நிலையில் இருந்தால், முதலில் அந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏ, பி, சி, டி எது, எந்தத் தேதியில் பரிசோதித்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்காமலே ‘வாங்க பார்த்துக்கலாம்’ என்று அட்வான்ஸ் கேட்கும் சென்டரிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது, எதை அளப்பார்கள் என்று கேளுங்கள். ‘ஃபீலிங் வரும்’ என்பது அளவு அல்ல. மூன்று மாதத்தில் கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாற வேண்டும், பிடிமானம் இல்லாமல் இத்தனை நிமிடம் உட்கார வேண்டும் என்று இலக்கு இருக்க வேண்டும். இலக்கு எட்டப்படாவிட்டால் எப்போது நிறுத்துவோம் என்பதும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். பல மாதம் படுத்திருந்த காலின் எலும்பு பலவீனமாகிவிடும். அவசரப்பட்டு நிற்க வைத்தால் முறியும். வலி தெரியாததால் முறிந்ததே தெரியாமலும் போகும். மார்பின் நடுப்பகுதிக்கு மேலே, டாக்டர்கள் மொழியில் டி6க்கு மேலே, காயம் உள்ளவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: திடீரென ரத்த அழுத்தம் எகிறும். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது இதன் அறிகுறிகள். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் 108. இது தெரியாத இடத்தில் பயிற்சி எடுக்கக் கூடாது.

பணத்தை எங்கே முதலில் செலவழிப்பது என்று என்னைக் கேட்டால்: உடம்புக்கு அளவெடுத்த வீல்சேர், நல்ல குஷன், வீட்டு வாசலுக்குச் சரிவுப் பாதை, அகலமான பாத்ரூம் கதவு. அதற்குப் பிறகு மிஞ்சுவதைப் பயிற்சிக்கு. நின்று பழக வேண்டும் என்றால் சென்னை ஐஐடி 2019இல் வெளியிட்ட ‘அரைஸ்’ போன்ற, உட்கார்ந்தவரை நிற்க வைக்கும் வீல்சேரும் இருக்கிறது. நகரத்து சென்டரில் மூன்று மாதம் தங்குவதைவிட, இரண்டு வாரம் தங்கி முறையைக் கற்றுக்கொண்டு, ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வைத்து ஒரு வருடம் தொடர்வது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்.

பைக் ஓட்டும் வாசகர்களுக்கு ஒன்று. வண்டி இன்சூரன்ஸ் போடும்போது ‘ஓனர்-டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட்’ என்று ஒரு வரி வரும். 2018இலிருந்து அதன் தொகை 15 லட்சம் ரூபாய். நிரந்தர முழு இயலாமைக்கும் சேர்த்துத்தான். பிரீமியம் குறையுமே என்று அந்த டிக்கை எடுத்துவிடுபவர்கள் பலர். வேறு விபத்துக் காப்பீடு இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். லைசென்ஸ் காலாவதி ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து வழக்கு நடந்தால், எதிர்கால மருத்துவச் செலவையும் தனித் தலைப்பில் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. 216 மணி நேரப் பயிற்சியும் அந்தக் கணக்கில் வர வேண்டியதுதான். வக்கீலிடம் கேட்டு, பில்களைத் தேதிவாரியாக வைத்திருங்கள்.

அரசு செய்யக்கூடியதும் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2021இலிருந்தே வீடு தேடிப் போகிறார்கள். அவர்கள் பையில் தண்டுவடக் காயத்துக்கென ஒரு தனிப் பயிற்சித் திட்டம், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு, வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் தோலும் பார்க்கும் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். 48 மணி நேரத் திட்டத்தில் பெயர் பதிவாகும் தண்டுவட நோயாளியின் விவரம், டிஸ்சார்ஜ் அன்றே அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.